சனிக்கிழமை அறையையும் தைத்த தோணியையும் விட்டுவைக்கக் கேட்டு ஒரு திறந்த மடல்

திருகோணமலையில் எங்கள் கடற்கரை மண்டபத்தைப் பொறுப்பில் வைத்திருக்கும் நிர்வாகத்தினருக்கு,

மண்டப வாசலில் நீங்கள் ஒட்டியிருந்த அறிவித்தலை மூன்று தடவை படித்தேன். சனிக்கிழமை பின்னேரங்களில் பின்னறையை, பழைய தோணியையும் கணினியையும் வைத்துக்கொண்டு கூடும் எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்துக்குத் தருவது இந்த மாதத்தோடு நிற்கிறது. முற்றத்தில் கிடக்கும் "பழைய மரச் சாமான்கள்" உடைந்த கதிரை மேசைகளோடு ஏலத்தில் போகின்றன. காரணம் ஒரே வரி: பொழுதுபோக்கு நடவடிக்கைகளுக்கு இடம் ஒதுக்க முடியாது.

அந்த மரச் சாமான்களில் ஒன்று தோணி. 29 அடி 4 அங்குல நீளம், ஓர் ஆணிகூட இல்லாமல் தும்புக்கயிற்றால் தைத்த கரைவலைத் தோணி. அறிவித்தலில் அதைத் தோணி என்றாவது எழுதியிருக்கலாம். ஏலத்துக்கு வருகிறவர் அதை விறகு விலைக்குத்தான் எடுப்பார் என்பது உங்களுக்கும் தெரியும். இதற்கு முன் இரண்டு விண்ணப்பங்கள் கையில் கொண்டுவந்து தந்தேன், இரண்டுக்கும் பதில் இல்லை. அதனால்தான் இந்த முறை ஊர் பார்க்க எழுதுகிறேன். சபையின் பெயரையும் கையெழுத்து வைத்தவரின் பெயரையும் இங்கே போடவில்லை. யாரையும் தலைகுனிய வைக்க எனக்கு விருப்பமில்லை. முடிவு மாறினால் போதும்.

நான் திருக்கடலூரில் பிறந்து வளர்ந்தவன். ஊருக்குள் கைத்தொலைபேசி திருத்தும் சிறிய கடை வைத்திருக்கிறேன். என் அம்மப்பா, தோணியும் வலையும் சொந்தமாக வைத்திருந்த ஒரு சம்மாட்டியிடம் கரைவலை இழுத்தவர். கயிற்றின் ஒரு தலைப்பைக் கரையில் விட்டுவிட்டு, தோணி அரைவட்டமாகக் கடலுக்குள் போய் வலையை இறக்கிக்கொண்டே வந்து மறு தலைப்பைக் கரை சேர்க்கும். அப்புறம் இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று ஏலேலோ போட்டு இழுப்பார்கள். மீன் சேரும் வலையின் மடி கரைக்கு வரும்போது சின்னப் பிள்ளைகள் நாங்கள் தண்ணீருக்குள் பாய்ந்துவிடுவோம். அந்த நாளில் வரிசையாகக் கிடந்த தோணிகளில் எதுவும் இப்போது கரையில் இல்லை. பைபர் படகு வந்தது, உழவு இயந்திரத்தில் வின்ச் பூட்டி இழுக்கிறார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை, முதுகு முறிய இழுத்தவர்களுக்கு அது நிம்மதி. ஆனால் ஒன்றாவது மிச்சம் இருக்கவேண்டும் என்று நினைத்தோம். மிச்சம் இருப்பது உங்கள் முற்றத்தில் கிடக்கும் இந்த ஒன்றுதான். இதைத் தவிர வேறொரு தைத்த தோணியை நான் இந்தக் கரையில் பார்த்துப் பல வருடங்களாகின்றன.

2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தபோது இதைத் தூக்கி ஒழுங்கைக்குள் கொண்டுவந்து போட்டது. பக்கத்தில் கிடந்த பைபர் படகுகள் வெடித்துப் போயிருந்தன. இதில் ஒரு பலகை மட்டும் தையல் விட்டிருந்தது. சொந்தக்காரக் குடும்பம் பிறகு கடலுக்குப் போகவில்லை. தோணியை மண்டபத்துக்குக் கொடுத்தார்கள், அப்போது இருந்த நிர்வாகம் நன்றி சொல்லி வாங்கியது. அன்றிலிருந்து சுவரோரம் கிடக்கிறது. கோட்டைப் பக்கமிருந்து வரும் மான்கள் மத்தியானத்தில் அதன் நிழலில் படுத்திருப்பதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

ஆறு வருடங்களுக்கு முன் இந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தை நாலு பேராகத் தொடங்கினோம். இப்போது பதினாலு பேர். ஒரு தாதி, உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் ஐந்து பேர், பழைய கோட்டைப் படங்களைத் தேடிச் சேர்க்கும் முச்சக்கரவண்டி ஓட்டுநர், தீப்பெட்டி அளவில் கப்பல் செய்யும் ஒரு சிங்களத் தம்பி, சம்பூரிலிருந்து வரும் ஒரு தங்கச்சி. அவள் ஊர்ப் பெயர்களை வரைபடத்தில் தமிழில் ஏற்றுகிறவள். யாரும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் இணைய வரைபடத்தில் எந்தெந்த ஒழுங்கைக்குப் பெயர் இல்லை என்பது அவளுக்கு மனப்பாடம். கணினிக் கிறுக்கும் சரித்திரக் கிறுக்கும் சேர்ந்த ஆட்கள் நாங்கள்.

முதல் வருடம் தோணியைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து முப்பரிமாண மாதிரி செய்யலாம் என்று இறங்கினோம். சுற்றிச் சுற்றி 412 படங்கள். என் கடை மடிக்கணினி இரண்டு இரவும் ஒரு பகலும் வெந்தது. திங்கட்கிழமை காலை திரையில் தோணி எழும்பி நின்றபோது எனக்குக் கைகால் ஓடவில்லை. விரலால் உருட்டினால் அணியம், அதாவது முன்பக்கம், திரும்புகிறது; உள்ளே வங்குகள், அதாவது குறுக்குச் சட்டங்கள், தெரிகின்றன. இதை யாருக்காவது காட்டவேண்டுமே என்று அலைந்தபோதுதான் மூதூர் ஓடாவிக் காக்காவைப் பற்றிச் சொன்னார்கள். ஓடாவி என்றால் தோணி கட்டும் தச்சர், காக்கா என்றால் அண்ணன். தகப்பன் வழியில் தோணி கட்டிய குடும்பம். எழுபத்தெட்டு வயது. கிண்ணியாவில் பாலம் வருவதற்கு முன், 'பாதை' என்கிற மிதவையில் ஏறிக் களப்பைக் கடந்து திருகோணமலைக்குத் தோணி தைக்க வந்துபோனவர்.

மாதிரியைக் கைத்தொலைபேசித் திரையில் அவரிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தார். "இது கடல்ல இறக்கினா ஒரு பக்கம் சரியும் தம்பி" என்றார். "நம்மட தோணி சரியாது. நீங்க எங்கயோ பிழை விட்டிருக்கீங்க."

எனக்கு உள்ளுக்குள் கோபம் வந்தது. இரண்டு இரவு கண் முழித்தவன் நான். ஆனாலும் நூல் பிடித்து அளந்து பார்த்தோம். சுவர்ப்பக்கம் இடுக்காக இருந்ததால் அந்தப் பக்கத்தில் படங்கள் குறைவு, இருட்டும் கூட. மென்பொருள் அந்தப் பக்கத்தின் வயிற்றைத் தட்டையாக்கிவிட்டிருந்தது. இரண்டரை அங்குல வித்தியாசம். ஐந்து அங்குலத் திரையில் பார்த்து அதைப் பிடித்துவிட்டார் மனுசன். அடுத்த சனிக்கிழமையே அவர் பேருந்து ஏறி வந்தார். அன்றிலிருந்து வருகிறார்.

அவர் வந்த பிறகுதான் அந்தத் தோணியை எங்களுக்கு வாசிக்கத் தெரிந்தது. பலகைகளை விளிம்போடு விளிம்பு நிறுத்தி, இரண்டு ஓரத்திலும் துளை போட்டு, மூட்டின் மேல் தும்பு வைத்து, கயிற்றைக் குறுக்குமறுக்காக இழுத்துத் தைப்பது முறை. ஆணி அடித்த பலகை அலையோடு கரையில் வந்து குத்தும்போது அந்த இடத்திலேயே வெடிக்கும். தைத்த பலகை கொஞ்சம் இளகிக் கொடுக்கும், அடியை உடம்பெல்லாம் பகிர்ந்துகொள்ளும். கடல் கொந்தளிக்கும் கரையில் ஆணியை விட்டுக் கயிற்றை நம்பியது அதனால்தான். பிள்ளைகள் துளைகளை எண்ணினார்கள்: 1,382. துளைக்குத் துளை இடைவெளியை நாங்கள் மில்லிமீற்றரில் எழுதிக்கொண்டிருக்க, காக்கா தன் நாலு விரலைச் சேர்த்து வைத்துக் காட்டினார். அவ்வளவுதான் அளவுகோல். ஓரிடத்தில் மட்டும் இடைவெளி மாறியது, முடிச்சும் வேறு மாதிரி. அதைத் தடவிப் பார்த்துவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார். "இது இடக்கைக்காரன்ட கட்டு. எங்கட மூத்த காக்காட கை. அவர் மவுத்தாகி நாப்பது வருசம்."

அன்று பின்னேரம் யாரும் கணினியைத் திறக்கவில்லை.

மரத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். பலகையைத் தட்டிப் பார்த்து, சவண்டலை என்றார் காக்கா. சிங்களத்தில் ஹல்மில்ல. வெள்ளைக்காரர் இந்த மரத்துக்கு எங்கள் ஊர்ப் பெயரையே வைத்து 'திருகோணமலை மரம்' என்று அழைத்தார்கள். சென்னைக் கரையில் ஓடிய தைத்த மசூலாப் படகுகளும் இந்த மரத்தில் செய்யப்பட்டவை. கப்பல் செய்யும் சிங்களத் தம்பி இதைக் கேட்டுவிட்டு, அவன் வீட்டு வளவில் நிற்கும் ஹல்மில்ல மரத்தின் இலையை அடுத்த கிழமை கொண்டுவந்து மேசையில் வைத்தான். அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் மரத்தைப் பற்றியே போனது.

பொழுதுபோக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, பொழுதுபோக்குத்தான். நான் அதை மறுக்கப்போவதில்லை. இதனால் சுற்றுலாப் பயணிகள் வருவார்கள், வேலைவாய்ப்பு வரும் என்று எழுதினால் முடிவை மாற்றுவீர்கள் என்று இரண்டு பேர் எனக்குப் புத்தி சொன்னார்கள். அப்படி எழுத மனம் வரவில்லை. நாங்கள் சந்தோஷத்துக்காகத்தான் வருகிறோம். சம்பளம் இல்லாமல், சான்றிதழ் இல்லாமல், ஆறு வருடம் ஒரு சனிக்கிழமையைக்கூட வீணாக்காமல் வருவதற்கு வேறென்ன காரணம் இருக்கமுடியும்? கிழமை முழுக்க உடைந்த திரை மாற்றுகிறவன் நான், எனக்கு அந்த அறைதான் மூச்சு. நீங்கள் இதைக் குறையாக எழுதியதுதான் என்னை உறுத்துகிறது.

அந்த அறையில் நடந்த இன்னொன்று. இரண்டு அலுமினியக் கம்பி, ஒவ்வொன்றும் 53 சென்றிமீற்றர், 120 பாகையில் விரித்துக் கட்டினோம். தொலைக்காட்சி அலை வாங்கும் மலிவான யூஎஸ்பி கருவி ஒன்றில் அதைப் பொருத்தி, மண்டபக் கூரைக்கு ஏணி வைத்து ஏறினோம். அப்போது இயங்கிக்கொண்டிருந்த நோவா 19 வானிலைச் செய்மதி 800 கிலோமீற்றருக்கும் மேலே எங்களைக் கடந்து போகும் நேரம். விசில் மாதிரி ஒரு சத்தம், விநாடிக்கு இரண்டு வரியாகப் படம் விழத் தொடங்கியது. பத்து நிமிடத்தில் இந்தியக் கரை, பாக்கு நீரிணை, பிறகு எங்கள் தீவு. கொட்டியாறுக் குடாவின் மேல் ஒரு முகில் துண்டு. பிள்ளைகள் வெளியே ஓடிப்போய் அண்ணாந்து பார்த்தார்கள், அதே முகில் அங்கே நின்றது.

36,000 கிலோமீற்றர் உயரத்தில் செய்மதிகளை நிறுத்தி உலகம் முழுக்கச் செய்தி அனுப்பலாம் என்று 1945இல் எழுதிய அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க், 1956இல் தன் முக்குளிப்புத் தோழர் மைக் வில்சனோடு, கோணேசர் கோயில் நிற்கும் எங்கள் சுவாமி மலைக்கு அடியில் முக்குளித்தவர். செதுக்கிய தூண்களும் கற்களும் கடலடியில் கிடப்பதை அவர்கள் கண்டார்கள். விண்வெளியையும் பழைய கோயிலையும் ஒரே ஆள் ஒரே ஆசையோடு தேடிய ஊர் இது. முகிலைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகளிடம் நான் இதைத்தான் சொன்னேன்.

அந்தக் கற்கள் கடலுக்குள் போன கதை உங்களுக்குத் தெரியாததல்ல. 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தார்கள், அந்தக் கல்லில் கோட்டை எழும்பியது. கோட்டை வாசலில் இரட்டை மீனும் தமிழ் எழுத்தும் கொண்ட கல் இன்றும் நிற்கிறது. பிறகு 1950இல் கோட்டைக்கு அண்மையில் கிணறு தோண்டியபோது மண்ணுக்குள்ளிருந்து சோமாஸ்கந்தர் உட்பட வெண்கலத் திருவுருவங்கள் கிடைத்தன. அன்றைக்கு மண்வெட்டி பிடித்த தொழிலாளியை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். வெட்டிய இடத்தில் ஏதோ தட்டுப்பட்டதும் அவர் கையை நிறுத்தினாரே, அதனால்தான் இன்று அந்த மூர்த்திகளுக்கு விளக்கு எரிகிறது. பழையது ஏதாவது கையில் தட்டுப்பட்டால் ஒரு நிமிடம் நிறுத்திப் பார்க்கவேண்டும் என்பதை எங்கள் ஊர் அப்படித்தான் பழகியது.

போன மாதம் உங்கள் முற்றத்தில் யாரும் நிறுத்தவில்லை. செவ்வாய்க்கிழமை பத்து மணிபோல மண் அள்ளும் பெக்கோ இயந்திரம் வந்தது. எனக்கு அழைப்பு வந்து நான் கடையைப் பூட்டிக்கொண்டு ஓடிவருவதற்குள், அணியத்தில் சங்கிலி போட்டுத் தோணியைச் சுவரோரமிருந்து மதிற்பக்கம் இழுத்துவிட்டார்கள். இரண்டு பலகை பிளந்தது. இடது பக்கம் ஏழு அடிக்குத் தையல் அறுந்தது. அந்த ஏழு அடிக்குள்தான் இடக்கைக்காரரின் கட்டு இருந்தது. பெக்கோ ஓட்டுநரைக் குறை சொல்லமாட்டேன், அவருக்குச் சொன்னதை அவர் செய்தார். விழுந்து கிடந்த கயிற்றுத் துண்டுகளைப் பொறுக்கி ஓர் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். சனிக்கிழமை காக்கா வந்து அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தந்தார். ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

உங்கள் பக்கத்து நியாயத்தையும் நான் கேட்டேன். மழைத் தண்ணீர் தேங்கி நுளம்பு பெருகுகிறது என்று சுகாதாரப் பரிசோதகர் சொல்லியிருக்கிறார். அது உண்மை, எங்கள் தவறும் அதில் உண்டு. முதல் இரண்டு வருட வாடை மழைக்கு நாங்கள் தோணியை மூடவில்லை. பிறகு தகரம் வாங்கிப் போட்டோம், இப்போது தண்ணீர் தேங்குவதில்லை. மின்சாரச் செலவு என்றீர்கள். மாதாமாதம் எங்கள் பங்கைக் கட்டிய பற்றுச்சீட்டுகள் என்னிடம் இருக்கின்றன. வாகனம் நிறுத்த இடம் வேண்டும் என்பதும் நியாயம்தான். தோணிக்குத் தேவைப்படுவது முப்பது அடிக்கு எட்டு அடி, அதை மதிலோரமாகவே விடலாம்.

எனக்கு விளங்காதது ஒன்றுதான். அந்த இடத்தில் படம் எடுப்பதற்காகப் பைபரில் ஒரு தோணி செய்து வைக்கப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். உண்மைத் தோணி கிடக்கும்போது ஏன்? வருகிற பிள்ளை தொட்டுப் பார்க்க அதில் ஒரு துளைகூட இருக்காது.

இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் எங்கள் ஊர்ப் பெயரோடு ஒரு கப்பல் மிதக்கிறது. எச்.எம்.எஸ். திருகோணமலை. 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டியது. பல வருடம் செலவழித்துப் பலகை பலகையாகத் திருத்தி வைத்திருக்கிறார்கள், பிள்ளைகள் ஏறிப் பார்க்கிறார்கள். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி கடல் தாண்டி 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் வரை போய்ச் சேர்ந்தது, எங்களிடம் படங்கள்தான் மிச்சம். பெயரும் படமும் இருந்தால் போதும் என்று எங்கள் தலைமுறையும் விட்டுவிட்டால், காக்காவுக்குப் பிறகு முடிச்சுப் போடத் தெரிந்தவர் இருக்கமாட்டார். மாதிரி கணினியில் இருக்கிறதே என்று ஒருவர் என்னிடம் கேட்டார். இருக்கிறது. ஆனால் பிழையான மாதிரியைத் திருத்தியது உண்மைத் தோணிதான். நாளைக்கு வேறொரு பிழை கண்டால் எதை வைத்துத் திருத்துவது?

இனி நான் கேட்பவை.

ஏலப் பட்டியலிலிருந்து தோணியை உடனடியாக நீக்கி, நீக்கியதை எழுத்தில் அறிவியுங்கள். மண்டபத்தின் சொத்துப் பதிவேட்டில் அதைத் தைத்த கரைவலைத் தோணி என்று அளவுகளோடு பதியுங்கள். அளவுகளை நாங்கள் தருகிறோம், 1,382 துளை உட்பட.

வாடை தொடங்குவதற்கு முன் மதிலோரம் கிடுகோ தகரமோ போட்ட ஒரு கொட்டில் வேண்டும். மரமும் கூலியும் எங்கள் பொறுப்பு. உங்களிடம் கேட்பது நிலமும் அனுமதியும் மட்டும். அதுவரை பெக்கோவோ வேறு இயந்திரமோ தோணிக்குக் கிட்டப் போகக்கூடாது. நகர்த்தவேண்டி வந்தால் ஓடாவிக் காக்கா நின்று சொல்ல, உருளை வைத்து ஆட்கள் தள்ளவேண்டும்.

சனிக்கிழமை பின்னேரம் மூன்றிலிருந்து ஆறு வரை பின்னறையைத் திருப்பித் தாருங்கள். வாடகை வைத்தால் கட்டுகிறோம். அறுந்த ஏழு அடித் தையலை அந்த நேரத்தில் காக்கா பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துத் தைப்பிக்கச் சம்மதித்திருக்கிறார். தைப்பதை முழுதாகப் படம் பிடித்து, 2005இலிருந்து எங்கள் எழுத்துகளைக் காத்துவரும் நூலகம் எண்ணிம நூலகத்துக்குக் கொடுக்க விரும்புகிறோம். பழைய கயிற்றுத் துண்டுகள் வைத்த உறையையும் மண்டபத்திலேயே ஒரு கண்ணாடிப் பெட்டியில் வைக்க இடம் ஒதுக்குங்கள்.

பைபர் தோணிக்கு ஒதுக்கிய பணத்தை என்ன செய்வது என்பது உங்கள் முடிவு. அதில் தும்புக்கயிற்றுக்கும் மீனெண்ணெய்க்கும் குங்கிலியத்துக்கும் கொஞ்சம் தந்தால் வாங்கிக்கொள்வோம்.

கடைசியாக, முடிவெடுக்கிறவர்கள் ஒருமுறை வந்து பாருங்கள். வரும் சனிக்கிழமை காக்கா மூன்று மணிப் பேருந்தில் வருவார், நாங்கள் முற்றத்தில் நிற்போம். அறை பூட்டியிருந்தாலும் நிற்போம். பதிலை அதற்கு முன் எழுத்தில் தந்தால் அவருக்கும் சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
திருக்கடலூரிலிருந்து,
சனிக்கிழமைக் கூட்டத்தில் ஒருவன்